பழைய கங்கு

எனக்கு ஒருவரைப் பிடித்திருந்தால் அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன், காதைப் பார்ப்பேன். காதையும் தாண்டி, பின்னால் சுவரில் தொங்குகிற காலண்டரைப் பார்ப்பேன். அப்போதுதான் அவருடைய முகம் என் பார்வையின் ஓரத்தில் வந்து நிற்கும். நேராகப் பார்த்தால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு புகைதான் இருக்கும். முடி தெரியும், காது தெரியும், கழுத்துச் சங்கிலி தெரியும். நடுவில் ஆள் இருக்க மாட்டார்.

பிடிக்காதவர்களை நேராகப் பார்ப்பேன். அதில் ஒரு வசதி இருக்கிறது.

தெரியாதவர்கள் என்னைத் திமிர் பிடித்தவன் என்பார்கள். நின்று விளக்கிச் சொல்லி அலுத்துப்போயிற்று. இப்போதெல்லாம் திமிர் என்றே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

இருபத்தாறு வயது வரை எனக்குக் கழுகுக் கண். பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூருக்கு பஸ் ஓட்டினேன். ஒருநாள் காலையில் எதிரே வந்த வண்டியின் பெயர்ப் பலகையில் நடு எழுத்துகளைக் காணவில்லை. கண்ணாடியைத் துடைத்தேன், கண்ணைத் துடைத்தேன். வலியும் இல்லை, சிவப்பும் இல்லை. அந்த மழைக்காலம் முடிவதற்குள் இரண்டு கண்ணிலும் நடுப்பகுதி போய்விட்டது. அம்மாவிடம் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவே இல்லை. எரிந்துகொண்டிருந்த அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அவளுடைய அண்ணனுக்கு, அதாவது என் தாய்மாமனுக்கு, இதே வயதில் இதே மாதிரிதான் போயிருந்தது.

ஊர் அதைச் சாபம் என்றது. ஷமீமா டாக்டர் அதை அடுப்பு என்றார்.

என் தங்கை முத்தரசிக்குக் கல்யாணமான புதிதில் அவரிடம் போனோம். முத்தரசி, அவள் புருஷன் ஆவுடையப்பன், கூடவே நான். சரக்கு எப்படி இருக்கும் என்று காட்டுவதற்குக் கொண்டுபோகிற சாம்பிள் மாதிரி என்னையும் அழைத்துப் போயிருந்தார்கள்.

“நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் குட்டி குட்டியா அடுப்பு இருக்குன்னு வச்சுக்கோங்க,” என்றார் டாக்டர். “உடம்புக்கு வேண்டிய சக்தி அதுலதான் வேகுது. நிறம், உயரம், மூக்கு எல்லாம் அம்மா அப்பா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வரும். இந்த அடுப்பு மட்டும் அம்மா கொடுக்கிறதுதான்.”

“அப்ப நான் ஒண்ணும் குடுக்கலையா?” என்றான் ஆவுடையப்பன்.

“இந்த விஷயத்துல நீங்க வெறுங்கையை வீசிக்கிட்டு வர்ற மாப்பிள்ளை.” அவர் குரலில் சிரிப்பு கொஞ்சம்தான் இருந்தது. “இவங்க அம்மா வழியில வர்ற அடுப்புல ஒரு கோளாறு. கண் நரம்புக்கு நிறைய சக்தி வேணும், அதனால அங்கதான் முதல்ல அணையுது. ஆம்பளைங்களுக்கு அதிகம். பொம்பளைங்க பல பேர் தப்பிச்சுக்குவாங்க. ஆனா பெத்த பிள்ளைக்குக் கைமாத்தி விட்ருவாங்க.”

முத்தரசி எழுந்துவிட்டாள். “அப்ப எனக்குப் பிள்ளையே வேண்டாம் டாக்டர்.”

“உக்காரும்மா. வீட்டை இடிக்க வேண்டாம், அடுப்பை மட்டும் மாத்துவோம். இன்னொரு பொண்ணோட கருமுட்டையை எடுத்து, அதோட உட்கருவை நீக்கிட்டு, அந்த இடத்துல உங்க ரெண்டு பேரோடதை வைப்போம். பிள்ளை உங்க பிள்ளைதான். எரியுற அடுப்பு அவங்களுது. ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். மாத்தும்போது பழைய கங்கு ஒண்ணு ரெண்டு ஒட்டிக்கிட்டு வரும். பெரும்பாலும் தானா அணைஞ்சிடும். அபூர்வமா சில பிள்ளைகளுக்கு அது மறுபடியும் பத்திக்கும்.”

திரும்பி வரும்போது ஆட்டோவில் முத்தரசி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணே, ஒன்னைய மாதிரி ஒண்ணு வேண்டாம்னு சொல்லிட்டு வந்த மாதிரி இருக்கு.”

“மாதிரி என்னட்டி மாதிரி? அதையேதான் சொல்லிட்டு வந்திருக்க. நல்ல காரியம்.”

மனதாரத்தான் சொன்னேன். வலிக்கவும் செய்தது.

இப்படித்தான் தாமிரா பிறந்தாள். தங்கையும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விடுவார்கள். எனக்கு வீட்டில் இருந்தபடியே ஒரு பார்சல் கம்பெனிக்குப் புகார் கேட்கிற உத்தியோகம். காதில் ஹெட்போன், மடியில் தாமிரா. யாரோ ஒருவர் தன் மிக்ஸி உடைந்து வந்ததற்கு என் வம்சத்தையே இழுத்துத் திட்டிக்கொண்டிருப்பார். நான் ‘சரிங்க சார், புரியுது சார்’ என்று சொல்லிக்கொண்டே காலண்டரைப் பார்ப்பேன். ஓரத்தில் அவள் முகம் தெரியும். திட்டு அத்தனையும் அந்த முகத்தில் போய்க் கரைந்துவிடும்.

இதற்கிடையில் எங்கள் பக்கம் ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. இந்த மாதிரிப் பிறந்த பிள்ளைகள் ஊருக்கு நாலு என்றாகிவிட்டார்கள். முட்டை கொடுத்தவரின் பெயரைப் பெற்றோர் தெரிந்துகொள்ளலாம் என்றுதான் சட்டம் சொன்னது. நம் ஆட்களுக்கு அது போதாதா? அவளுக்கு அடுப்புத்தாய் என்று பெயர் வைத்தார்கள். தாய் என்று ஆனபின் அவளுடைய அண்ணன் தம்பி யார்? தாய்மாமன். காது குத்துக்கு மடி கொடுப்பதும் சீர் கொண்டுவருவதும் அவன்தான் என்று ஆகிவிட்டது. கங்கு திரும்பிய பிள்ளையைக் கங்குப் பிள்ளை என்றார்கள். அப்படி ஒரு பெயர் வந்துவிட்டால் பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரக்கூடப் பிற பிள்ளைகளை விடமாட்டார்கள். ஒட்டாது என்று எத்தனை டாக்டர் சொன்னாலும் யார் கேட்கிறார்கள்?

தாமிராவுக்கு ஐந்தாவது வயதில் சாஸ்தா கோயிலில் காது குத்து என்று முடிவானது. ஒன்றிலும் மூன்றிலும் நடந்திருக்க வேண்டியது, மடி யாருடையது என்ற சண்டையில்தான் தள்ளிப் போயிருந்தது. சண்டையின் மூலவர் மாப்பிள்ளையின் பெரியப்பா.

“அடுப்பு மாறுனா மாமனும் மாறணும்லா?” என்றார் அவர். “பழைய மடியில கொண்டு உக்கார வச்சு, கங்கு திரும்பிட்டுன்னா யார் பதில் சொல்லுதது?”

“மடி வழியா ஒட்டுததுக்கு நான் என்ன சொறி புடிச்சா அலையுதேன் மாமா?” என்று கேட்டேன். அவரை நேராகப் பார்த்துத்தான் கேட்டேன்.

முத்தரசி எனக்காகப் பேச வாயைத் திறந்தாள். எனக்குத்தான் தெம்பு இல்லை. “விடுட்டி. அந்தப் புது மாமனே உக்காரட்டும்,” என்று சொல்லிவிட்டேன்.

அடுப்புத்தாய் ஃபிலோமினாவின் அண்ணன் ராயப்பன் தூத்துக்குடியிலிருந்து வந்து இறங்கினார். தட்டுத் தட்டாகச் சீர். பட்டுப்பாவாடை, கல் வைத்த குட்டித் தோடு, ஒரு பெரிய டப்பா நிறைய மக்ரூன். வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அண்ணாச்சி, நான் துன்னூறு பூச மாட்டேன், கோவிச்சுக்கிடாதிய. மடி மட்டும் தாரேன். தங்கச்சிதான் போயே ஆவணும்னு அனுப்பிவச்சா.” இவரை வெறுக்கலாம் என்று நினைத்துத்தான் காத்திருந்தேன். முடியவில்லை. அவருடைய காதைப் பார்த்தேன்.

ராயப்பன் மடியில் தாமிராவை உட்கார வைத்தார்கள். ஆசாரி கம்பியை எடுத்ததும் அவளுக்கு உதடு பிதுங்கியது. கூட்டத்தில் என்னைத் தேடினாள். நான் தூண் ஓரமாக நின்றிருந்தேன். கண்டுபிடித்ததும் முகத்தை வலப்பக்கம் திருப்பி, தலையைச் சாய்த்து, கடைக்கண்ணால் என்னைப் பார்த்தாள். அப்படியே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பிள்ள ஏன் இப்படி ஓரமாப் பாக்கா?” என்றார் ராயப்பன். அவருக்கு எதுவும் தெரியாது, வெள்ளந்தியாகக் கேட்டார்.

மேளம் நின்றது. முத்தரசி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து முன்னால் மண்டியிட்டாள். “தாமிரா, அம்மாவப் பாரு. இங்க பாரும்மா, நேரா பாரு.” தாமிரா அம்மாவையும் அப்படியே சாய்ந்து பார்த்தாள். பயந்துபோய் இன்னும் கொஞ்சம் சாய்ந்தாள்.

“கங்கு திரும்பிட்டு,” என்றார் பெரியப்பா. அவர் மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. ஆசாரி கம்பியைத் துணியில் சுற்றி வைத்துவிட்டார்.

மறுநாள் ஷமீமா டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். படம் போட்ட அட்டையைக் காட்டி, யானை எது, பூனை எது என்று கேட்டார்கள். தாமிரா தலையைச் சாய்த்து அட்டைக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு, பாதிக்கு மேல் தப்பாகச் சொன்னாள்.

“ரத்தத்துல பழைய கங்கு இல்ல,” என்றார் டாக்டர். முத்தரசி மூச்சு விட்டாள். “ஆனா ரத்தத்துல இல்லேன்னா கண் நரம்புல இல்லேன்னு அர்த்தம் கிடையாது. ஒரு இடத்துல அணைஞ்சது இன்னொரு இடத்துல புகைஞ்சுக்கிட்டு இருக்கலாம். நரம்பைக் கிள்ளி எடுத்துப் பாக்க முடியாதே. கண்ணைப் படம் எடுத்துப் பாத்ததுல நல்லாத்தான் தெரியுது, ஆரம்பத்துல எல்லாருக்குமே நல்லாத்தான் தெரியும்.”

“மருந்து?”

“கண்ணுக்குள்ள ஊசி போட்டுக் கங்கை அணைக்கலாம். நரம்பு கெடுறதுக்கு முன்னாடி போடணும், கெட்டப்புறம் பிரயோஜனம் இல்ல. ஆனா கங்கே இல்லாத கண்ணுல போட்டோம்னா, நல்லா எரிஞ்சுக்கிட்டு இருக்கிறதும் அணைஞ்சு போகலாம்.”

“அப்ப போடணுமா, வேண்டாமா?” என்று மாப்பிள்ளை கேட்டான். உலகத்தில் உள்ள கருவியெல்லாம் வைத்திருக்கிறார்கள், கடைசியில் ‘நீங்களே முடிவு பண்ணுங்க’ என்கிற இடத்துக்குத்தான் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள்.

அவர்கள் உள்ளே பேசிக்கொண்டிருக்க, நான் தாமிராவை வெளியே பெஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவள் ராயப்பன் கொடுத்த மக்ரூனைக் கடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தாள்.

“ஏம்மா அப்படிப் பாக்க? நேராப் பாத்தா தெரியலையா?”

“தெரியுதே.”

“அப்புறம்?”

“நீயும்தான அப்படிப் பாக்க.” வாயில் இருந்ததை மென்று முழுங்கிவிட்டுச் சொன்னாள். “பிடிச்சவங்கள அப்படித்தான மாமா பாக்கணும்? எனக்கு யானையும் பூனையும்கூடப் பிடிக்கும். என்னைய அப்படிப் பாக்க. அம்மாவ அப்படிப் பாக்க. பெரிய தாத்தாவ மட்டும் நேராப் பாக்க. ஒனக்கு அவரப் பிடிக்காதுல்லா?”

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. யாரும் சொல்லிக் கொடுக்காமல் என் கண்ணின் கணக்கைப் பிள்ளை கண்டுபிடித்து வைத்திருந்தது. அவள் சாய்க்கிற பக்கத்தை அப்போதுதான் கவனித்தேன். வலப்பக்கம், நான் சாய்க்கிற அதே பக்கம், அதே அளவு.

உள்ளே போய்ச் சொன்னேன். டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முத்தரசி நம்பவில்லை.

“நீயும் இப்படித்தானண்ணே செஞ்ச?” என்றாள். “சின்னப்பிள்ளைல மாமா மாதிரியே சாஞ்சு சாஞ்சு பாப்ப. அம்மா எத்தன தடவ அடிச்சிருக்கா? அப்பவும் வெளையாட்டுன்னுதான் எல்லாரும் சொன்னாவோ. கடைசியில என்னாச்சு?”

உண்மைதான். நானும் என் மாமன் மடியில் வளர்ந்தவன். நானும் அவரைப் பார்த்துச் சாய்ந்தவன். பழக்கம் வேறு, நோய் வேறு என்று அவளுக்கு எப்படிச் சொல்ல? எனக்கு இரண்டுமே அவரிடமிருந்துதான் வந்தவை போல இருந்தது.

“ஒரு மாசம் பாப்போம்,” என்றார் டாக்டர். “அதுக்கு மேல தள்ளிப்போடறது ஆபத்து. பழக்கம்னா விட்டுப்போகும், பரிசோதனையும் சரியா வரும். விட்டுப்போகலேன்னா ஊசி போட்டாகணும். அதுவரைக்கும் அவ முன்னாடி யாரும் அப்படிப் பாக்கக் கூடாது.”

யாரும் என்றால் யார், நான்தான். மாப்பிள்ளை தொண்டையைச் செருமினான். “மச்சான், வேணும்னா நீங்க ஒரு மாசம் தென்காசியில சித்தி வீட்ல...” முடிக்காமல் விட்டான். நல்லவன், அதற்கு மேல் அவனுக்கு வாய் வரவில்லை.

“போனா தேடுவா,” என்றார் டாக்டர். “தேடித் தேடி இன்னும் அதிகமாப் பண்ணுவா. நீங்க கூடவே இருக்கணும். அவளை நேரா பாக்கணும்.”

“நேராப் பாத்தா எனக்கு அவ தெரிய மாட்டா டாக்டர்.”

“தெரியும்,” என்றார். எனக்கு அவள் முகம் தெரியாது என்பது அவருக்குத் தெரியும் என்ற அர்த்தத்தில்.

அன்று வீட்டுக்கு வந்ததும் தொடங்கினேன். எத்தனையோ வருஷமாக ஓரத்துக்கு ஓடிப் பழகிய கண். பிடித்து இழுத்து நடுவில் நிறுத்தினால் ஆட்டுக்குட்டி போல நழுவி நழுவிக் காலண்டருக்குப் போகும். மறுபடியும் இழுத்துவருவேன். அவள் பேசுகிற குரல் புகைக்குள்ளிருந்து வரும். அந்தக் குரலை அடையாளம் வைத்து, வாய்க்கு மேலே கண் இருக்கும் என்று கணக்குப் போட்டு, அங்கே என் கண்ணை வைத்தேன்.

இரண்டு நாள் சும்மா இருந்தாள். மூன்றாம் நாள் மடியிலிருந்து இறங்கிப் போய்விட்டாள். பொம்மையை எடுத்துக்கொண்டு அடுத்த அறையில் உட்கார்ந்துகொண்டாள். கூப்பிட்டால் வரவில்லை. நான் புகார் கேட்டுக்கொண்டிருந்தேன். ஹெட்போனில் ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். கதவோரம் வந்து நின்று கேட்டாள்.

“மாமா, ஒனக்கு என்னையப் பிடிக்கலையா?”

போனை வைத்துவிட்டேன். வேலை போனால் போகட்டும் என்று தோன்றியது. காலண்டரைப் பார்த்தால் போதும், அந்த முகம் வந்துவிடும், அவளும் ஓடிவந்துவிடுவாள். எவ்வளவு சுலபம்! பல்லைக் கடித்துக்கொண்டு புகையையே பார்த்தேன்.

“பிடிக்கும்டா. ரொம்பப் பிடிச்சவங்கள நேராத்தான் பாக்கணுமாம். எனக்கே இப்பத்தான் தெரியும். நீயும் பாத்துப் பாரு.”

“பொய்.”

“ஒன் மேல சத்தியமா.” உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். “சரி, என் மேல சத்தியம்.”

வரவில்லை. நாலைந்து நாள் கழித்துத்தான் தானாக வந்து மடியில் ஏறினாள். அவளுடைய இரண்டு கையும் என் கன்னத்தைப் பிடித்தன. “நான் நேராத்தான் பாக்கேன்,” என்றாள். என்னால் அதைச் சரிபார்க்க முடியவில்லை. சமையல்கட்டு வாசலில் நின்ற முத்தரசிதான் அழுதுகொண்டே சொன்னாள். “பாக்காண்ணே. நேரா பாக்கா.”

மாதக் கடைசியில் அட்டையில் இருந்த எல்லா மிருகத்தையும் சரியாகச் சொன்னாள். பூனைக்குக் கீழே இருந்த குட்டி எலியைக்கூட விடவில்லை. ஊசி வேண்டாம் என்றார் டாக்டர். வாசல் வரை வந்தவர் என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். “பள்ளிக்கூடத்துல வருஷா வருஷம் பரிசோதனை இருக்கும். பழக்கம் திரும்பிடாமப் பாத்துக்கோங்க.”

“எத்தனை வருஷத்துக்கு டாக்டர்?”

“அவ வளர்ற வரைக்கும்.”

எனக்கு ஆறுதலாக அவளுடைய பகல் தூக்கம் ஒன்று இருந்தது. அவள் தூங்கும்போது சுவரைப் பார்த்து ஆசை தீர முகத்தைப் பார்த்துக்கொள்வேன். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் அதுவும் நின்றுபோயிற்று.

காது குத்தை மறுபடியும் வைத்தார்கள். ராயப்பன் மறுபடியும் வந்தார், மறுபடியும் மக்ரூன் டப்பா. பெரியப்பா மடிப் பேச்சை எடுத்ததும் ராயப்பனே குறுக்கே புகுந்தார். “அடுப்பு எங்க வீட்டு அடுப்பு, அதுல எங்களுக்குச் சந்தோசந்தான். ஆனா போன தடவ பிள்ளை என் மடியில இருந்துக்கிட்டு யாரத் தேடுச்சுன்னு எல்லாரும்தான பாத்தோம்? அண்ணாச்சி, நீங்க உக்காருங்க.” பெரியப்பா என்னைப் பார்த்து ஏதோ முனகினார். நான் அவரை நேராகப் பார்த்தேன். இப்போது அதில் விசேஷம் ஒன்றும் இல்லை.

உட்கார்ந்தேன். மடியில் தாமிரா. வலது காதில் கம்பி ஏறியபோது கத்தினாள், இடது காதில் ஏறியபோது என் விரலைக் கடித்தாள். ராயப்பன் கொண்டுவந்த தோட்டை ஆசாரி திருகாணி போட்டு முடுக்கினார். மேளம் கொட்டியது. யாரோ ஒரு பெண், “ஏ யம்மா, பிள்ளைக்குக் கண்ணப் பாருங்க, என்ன அழகு!” என்றாள்.

அழுது ஓய்ந்தபின் அவள் மடியிலேயே திரும்பி எனக்கு எதிராக உட்கார்ந்தாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“மாமா, நல்லாருக்கா?”

கண்ணை நகர்த்தவில்லை. புகையின் இந்தப் பக்கம் ஒரு கல் மினுங்கியது, அந்தப் பக்கம் ஒரு கல் மினுங்கியது. நடுவில் அவள் இருந்தாள்.

“நல்லாருக்குடா,” என்றேன்.